அடுத்த வீட்டுப் பையனின் காதுக்குப் பின்னால் காயம், ஆயாவின் மணிக்கட்டில் கன்றல்: யாரிடம் சொல்வது?

கேள்வி
கொலுசுவீட்டுக்காரி, சேலம்

வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும் பகுதியில் குடியிருக்கிறோம். என் கணவர் வீட்டிலேயே பற்றவைக்கும் வேலை செய்கிறார். நான் மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அவர்களில் ஒரு பையன் நான்காம் வகுப்பு, (பள்ளியின் பெயர் நெறியாளரால் நீக்கப்பட்டது). அப்பா இல்லை. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் தங்கியிருக்கிறாள். பையன் சித்தப்பா வீட்டில் வளர்கிறான். அவனுடைய ஆயாவும், அதாவது அப்பாவைப் பெற்றவர், அதே வீட்டில்தான் இருக்கிறார்.

போன மாதம் அவன் காதுக்குப் பின்னால் நீலம் பாய்ந்திருந்தது. கேட்டதற்கு சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றான். அவனிடம் சைக்கிள் கிடையாது. மறுநாள் நான் ஒன்றும் கேட்காமலேயே, கதவு இடித்துவிட்டது என்றான். பிறகொரு நாள் சட்டைக் கை மேலே ஏறியபோது, மேல்கையின் உட்பக்கத்தில் நான்கு கன்றல்கள் வரிசையாகத் தெரிந்தன. முன்கையில் வட்டமாக ஒரு சூட்டுக் காயம். பட்டறையில் பற்றவைக்கும் பொடி தெறித்தது என்று சித்தி சொன்னாள். இந்த வெயிலிலும் அவன் முழுக்கைச் சட்டைதான் போட்டு வருகிறான்.

எட்டு மணிக்கு மற்ற பிள்ளைகள் செருப்பைத் தேடி ஓடும்போது இவன் பாயைச் சுருட்டுவான், சுருட்டிய பாயைப் பிரித்து மறுபடி சுருட்டுவான். எப்போதாவது தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தால் பாதியைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறான். ஏனென்று கேட்டால், “ஆயாவுக்கு.”

ஆயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு என்னோடு நடந்தே வருபவர் அவர். இப்போது திண்ணைக்குக்கூட வருவதில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. கண்ணாடி உடைந்துவிட்டதாம், பிறகு பார்க்கலாமாம். இரண்டு மணிக்கட்டிலும் கறுத்துப்போயிருக்கிறது. “சாப்பிட்டீர்களா ஆயா?” என்று கேட்டால் மருமகளின் முகத்தைப் பார்க்கிறார். பதில் சொல்வது மருமகள்தான். முதியோர் உதவித்தொகை வரும் கார்டும் மருமகளிடம்தான் இருக்கிறது.

இதில் எங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. என் கணவருக்கு வெள்ளி கொடுத்து வேலை தருபவரே அந்தச் சித்தப்பாதான். “அடுத்த வீட்டு அடுப்பில் நமக்கு என்ன வேலை?” என்கிறார் கணவர். அவர் கெட்டவர் இல்லை, பயப்படுகிறார்.

நான் பார்ப்பதெல்லாம் உண்மையிலேயே அறிகுறிகள்தானா, அல்லது எனக்குத்தான் மனம் பேதலித்திருக்கிறதா? யாரிடம் சொல்வது? நான் நினைப்பது தவறாக இருந்துவிட்டால் என்ன ஆகும்?


பதில்
மாந்தோப்பு, ஓமலூர்

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண் பிள்ளை என்றால் விழுவான், அடிபடுவான். நானும் அப்பாவிடம் புளிய விளாரால் வாங்கி வளர்ந்தவன்தான், எதுவும் கெட்டுப்போகவில்லை. வயதானவர்கள் மெலியத்தான் செய்வார்கள். இரண்டு தழும்பைப் பார்த்துவிட்டுப் போலீஸ், கேஸ் என்று போனால் ஒரு குடும்பத்தின் பெயர் தெருவுக்கு வந்துவிடும். பையனை டியூஷனுக்கு அனுப்புவதையும் நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு இருக்கட்டும். முதலில் அந்தச் சித்தப்பாவிடமே நேரில் கேட்டுப் பாருங்கள்.


பதில்
வெள்ளைப்புடவை, அஸ்தம்பட்டி

ஓமலூர்த் தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு என்று வேறெங்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், சேலத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லாதீர்கள். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். ஏன் இங்கே தொடங்கினார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பெண் சிசுக்கள் செத்தது வீட்டுக்குள்தான். பால் குடிக்கும்போது புரையேறிவிட்டது என்று கதை சொன்னவர்களும் வீட்டுக்காரர்கள்தான்.

நான் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு, தீக்காய வார்டு, பெண்கள் மருத்துவ வார்டு என்று மாறி மாறி வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர். மருத்துவர் வந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போவார். நாங்கள் இரவு முழுவதும் பார்த்துக்கொண்டிருப்போம். பார்வை நேரத்தில் யார் உள்ளே வந்ததும் பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறது என்பது கேஸ் ஷீட்டில் ஏறாது.

கண்ணு, உனக்கு மனம் பேதலிக்கவில்லை. தழும்பை மட்டும் பார்க்காதே, அதற்குச் சொல்லப்படும் கதையைப் பார். வார்டில் நாங்கள் பழகியது அப்படித்தான்.

விளையாடி விழும் பிள்ளைக்கு எலும்பு துருத்தும் இடங்களில் அடிபடும். முழங்கால், கெண்டைக்காலின் முன்பக்கம், முழங்கை, நெற்றி, மோவாய். காது அப்படி இல்லை. பக்கவாட்டில் விழுந்தால் தோளும் மண்டையும் தரையைத் தொட்டுக் காதைக் காப்பாற்றிவிடும். அதனால் காது, கழுத்து, கன்னத்துச் சதை, மேல்கையின் உட்புறம், முதுகு, பிட்டம், தொடை ஆகிய இடங்களில் கன்றியிருந்தால் நாங்கள் நின்று பார்ப்போம். மேல்கையில் நான்கு கன்றல் வரிசையாக இருந்தால் அது பிடித்து உலுக்கிய விரல்கள். மறுபக்கத்தில் கட்டைவிரலின் தடம் ஐந்தாவதாக இருக்கும். பெல்ட்டோ, மடித்த வயரோ பட்டால் வளைவாகத் தடம் விழும். இன்னும் தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தையின் உடம்பில் எங்கே கன்றல் இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நகர முடியாத குழந்தை தானாக எதில் போய் இடித்துக்கொள்ளும்?

இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாவம். நம் ஊர்க் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்புக்குக் கீழே நீலத் திட்டு இருக்கும். அது அடி இல்லை, வளர வளர மங்கிவிடும். கன்றலின் நிறத்தை வைத்து இது திங்கள்கிழமை அடித்தது, இது வியாழக்கிழமை அடித்தது என்று சொல்பவர்களையும் நம்பாதே. நிறம் அவ்வளவு துல்லியமாக நாள் சொல்லாது.

சூட்டுக் காயத்துக்கு வருகிறேன். பொடி தெறித்தது என்கிறார்கள் அல்லவா? உன் கணவரின் கையைப் பார். பற்றவைப்பவர்களின் கையில் தெறித்த காயம் எப்படி இருக்கும் என்று என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். சிறிதும் பெரிதுமாக, சிதறலாக, ஆழம் ஒன்றுபோல் இல்லாமல் இருக்கும். சூடான ஒன்றை வைத்து அழுத்தினால் ஓரம் தெளிவாக இருக்கும், ஆழமும் ஒரே சீராக இருக்கும். வெந்நீருக்கும் இதே கணக்குதான். தவறிக் கொட்டினால் மேலே அகன்று கீழே ஒழுகி ஒடுங்கும். காலைப் பிடித்து முக்கியிருந்தால் காலுறை போட்டதுபோல் ஒரு கோடு நிற்கும். சரி, சித்தி சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நான்காம் வகுப்புப் பையனுக்கு நெருப்பும் திராவகமும் இருக்கும் பட்டறையில் என்ன வேலை? கதை பொய்யென்றாலும் புகார்தான், மெய்யென்றாலும் புகார்தான்.

காயமே இல்லாத கொடுமையும் உண்டு. பாலியல் தொல்லையில் பெரும்பாலும் உடம்பில் ஒன்றுமே தெரியாது. நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரும். குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் வயிற்று வலி வரும். வயதுக்கு மீறிய சொல் வாயில் வரும். குளிக்கவும் உடை மாற்றவும் பயப்படும். யார் கொடுத்தது என்று சொல்லாமல் புதுப் பொருள் வைத்திருக்கும். பெண் பிள்ளைக்குத்தான் இந்தப் பயமெல்லாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கும் சற்று அதிகமானோர் ஆண் பிள்ளைகள். இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் தெரிந்தால் உடனே முடிவுக்கு வர வேண்டாம். பரீட்சை பயத்திலும் வயிறு வலிக்கும், பூச்சியாலும் வலிக்கும். பலவும் ஒன்றாக, திடீரென்று, ஓர் ஆளையோ ஓர் இடத்தையோ சுற்றி வந்தால்தான் கவலை.

ஆயாவின் விஷயம் வேறு மாதிரி. வயதானவர்களின் தோல் மெலிந்துவிடும். புறங்கையிலும் முன்கையிலும் ஊதா நிறத் திட்டுகள் தானாகவே வரும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தொட்டாலே கன்றும். அதனால் ஆயா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் இரண்டு மணிக்கட்டிலும் ஒரே மாதிரி வளையமாக இருந்தால் அது கட்டிப்போட்ட தடமாக இருக்கலாம். வாய் வறண்டிருக்கிறதா, நகம் வெட்டாமல் வளைந்திருக்கிறதா, மூத்திர வாடை வருகிறதா, பகலெல்லாம் தூங்கி வழிகிறாரா, இடுப்பிலும் குதிகாலிலும் புண் இருக்கிறதா? இவ்வளவையும் மோர் கொடுக்கப் போகிற சாக்கில் பார்த்துவிடலாம். கண்ணாடி, காது மிஷின், ஊன்றுகோல் மூன்றும் வயதானவருக்குக் கை கால் மாதிரி. அவை உடைவது இயல்பு, உடைந்தபடியே இருப்பதுதான் அறிகுறி. அந்த வீட்டில் மிக்ஸி உடைந்தால் எத்தனை நாளில் சரி செய்கிறார்கள் என்று பார்.

மருமகளை அதற்குள் வில்லி ஆக்கிவிடாதே. அவள் கையையும் ஒருமுறை பார். பிள்ளையையும் கிழவியையும் அடிக்கிற வீட்டில் பெரும்பாலும் அவளும் வாங்கிக்கொண்டுதான் இருப்பாள். அப்படியானால் அவளுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

பையனிடம் துருவித் துருவிக் கேட்காதே. சித்தப்பா அடித்தாரா என்று நீயே பெயரை எடுத்துக் கொடுக்காதே. “என்ன ஆச்சு?” என்று ஒரு முறை, அவன் பேசினால் “அப்புறம்?” என்று ஒரு முறை, அவ்வளவுதான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதே. சொல்லத்தான் போகிறாய். அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வை. உடம்பைப் படம் எடுக்காதே. சித்தப்பாவிடம் நேரில் கேட்கச் சொல்கிறார் ஓமலூர்த் தம்பி. அதைமட்டும் செய்யவே செய்யாதே. நீ கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாய். அன்றிரவு அந்த வீட்டில் இருக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

1098 குழந்தைகளுக்கான எண். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. முதியவர்களுக்கு 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. இப்போதே ஆபத்து என்றால் 112.


பதில்
காப்பிப்பூ, ஏற்காடு

வெள்ளைப்புடவை அம்மா குழந்தைகளைப் பற்றியும் முதியவர்களைப் பற்றியும் சொல்லிவிட்டார். நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. வயது ஏறிவிட்டது, ஆனால் தனக்கு நடப்பதைச் சொல்லத் தெரியாதவர்கள். என் அக்கா மகள் அப்படித்தான். இருபது வயது தாண்டியவள், மனவளர்ச்சி குன்றியவள், பேச்சு நாலைந்து சொற்களுக்கு மேல் வராது.

இங்கே நவம்பரில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டால் தை வரைக்கும் வீடுகளில் பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். பறிப்பது கிலோக் கணக்கு என்பதால் விடியும் முன்பே சாக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். சின்னப் பிள்ளைகளும், படுத்த கிழவர்களும், இவளைப் போன்றவர்களும் லயன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தனியாகவோ யாருடைய பொறுப்பிலோ இருப்பார்கள். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்க ஆள் இருக்காது. அந்த மாதங்களில் பறிப்புக்கு வெளியூர் ஆட்களும் வருவார்கள், ஆனால் நாங்கள் பயந்தது அவர்களுக்குத்தான் என்பதுதான் வேடிக்கை. நடந்தது தெரிந்த ஆளால்.

இவள் கீழே ஒரு பகல்நேர மையத்துக்கு வண்டியில் போய்வந்துகொண்டிருந்தாள். பெயர் சொல்லப்போவதில்லை. சில நாட்களில் பாவாடைக்குள் இன்னொரு பாவாடை கட்டிக்கொள்வாள். அவிழ்க்கச் சொன்னால் கடிப்பாள். குளிர் என்று நினைத்தோம், ஏற்காட்டில் குளிருக்குப் பஞ்சமில்லையே. ஆனால் சுவரில் மாட்டிய நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே வந்த என் அக்காதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். எல்லா நாளும் இல்லை, செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான். அந்த இரண்டு நாளும் வண்டியை வேறொருவர் ஓட்டினார். அந்த ஆரன் சத்தம் வளைவில் கேட்டதும் இவள் அடுப்புக்குப் பின்னால் போய் உட்காருவாள்.

வாயால் சொல்ல முடியாதவர்கள் கிழமையால் சொல்வார்கள். அதனால் தேதி, கிழமை, நேரம், கூட இருந்தவர் என்று எழுதி வைப்பது வெறும் சடங்கில்லை. நாங்கள் கொடுத்த காகிதத்தை வைத்துத்தான் விசாரணையே நகர்ந்தது. இவளுடைய வாக்குமூலத்தைச் சிறப்பு ஆசிரியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பதிவு செய்தார்கள். படங்களைக் காட்டிக் கேட்டார். நாங்கள் சைகை என்றுகூட எண்ணியிராத சிலவற்றை அவர் புரிந்துகொண்டார். வழக்கு நடக்கிறது, அதற்கு மேல் எழுத மாட்டேன்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்குவதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தோம். இப்படிப்பட்ட புகாருக்கும் அங்கே போகலாம்.


பதில்
கோர்ட்டுக்காரர், சங்ககிரி

வழக்கறிஞன் என்ற முறையில் சிலவற்றைத் தெளிவாக்குகிறேன்.

பையனின் விஷயத்தில் இதுவரை சொல்லப்பட்டிருப்பது அடியும் சூடும். அது சிறார் நீதிச் சட்டம், 2015இன் 75ஆம் பிரிவில் வரும். பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அடித்தாலும், கவனிக்காமல் விட்டுத் துன்புறுத்தினாலும் 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பெற்ற தாய் தகப்பனுக்கும் இது பொருந்தும், சித்தப்பாவைச் சொல்ல வேண்டியதில்லை. தகவல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும், அங்கிருந்து குழந்தைகள் நலக் குழுவின் முன் வரும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது, ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். புகார் வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் இல்லத்தில் அடைத்துவிடுவார்கள் என்பது தெருப்பேச்சு. முடிந்தவரை குடும்பத்தோடு, இங்கே என்றால் தாயோடு சேர்த்து வைக்கத்தான் சட்டம் சொல்கிறது.

பாலியல் குற்றம் என்றால், அதிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்க வந்த போக்சோ சட்டம், 2012. அங்கே சொல்வதா வேண்டாமா என்று யோசிக்க உங்களுக்கு உரிமையே கிடையாது. தெரிந்தும் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை உண்டு. பள்ளி, விடுதி போன்ற நிறுவனத்தின் தலைவர் தன் கீழ் வேலை செய்பவரைக் காப்பாற்ற மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு சொன்னது பிறகு தவறாகிப்போனாலும் சொன்னவர் மேல் நடவடிக்கை கிடையாது. வேண்டுமென்றே பொய் சொன்னால்தான் தண்டனை. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ சீருடை அணியாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். எக்காரணத்தைக் கொண்டும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது.

பெரியவருக்கு: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. அவரே மனுக் கொடுக்கலாம், முடியாவிட்டால் அவர் சார்பில் இன்னொருவரோ ஓர் அமைப்போ கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். ஒன்று மட்டும் விசாரியுங்கள்: வீடு யார் பெயரில் இருக்கிறது? ஆயா பெயரில் இருந்து, கவனித்துக்கொள்வதாகச் சொல்லித் தான செட்டில்மெண்ட் எழுதி வாங்கியிருந்தால், 23ஆம் பிரிவின்படி அதை ரத்து செய்யக் கேட்கலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருப்பது பாதுகாப்பு. 2022இல் உச்ச நீதிமன்றம் இதில் இறுக்கமாகச் சொன்னது, 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பார்த்தது. செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த பிறகுதான் திண்ணைக்கு வருவது நின்றுபோனது என்ற கதையை என் மேசைக்கு முன்னால் பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. பள்ளியின் பெயரை நெறியாளர் நீக்கியது மிகவும் சரி. பாதிக்கப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதே குற்றம்.


பதில்
மாந்தோப்பு, ஓமலூர்

என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பிள்ளையைக் கண்டிக்கப் பெரியவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் காதுக்கும் சைக்கிளுக்கும் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சூட்டுக் காயம் கண்டிப்பில் சேராது. சித்தப்பாவிடம் கேட்கச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.


கேள்வி கேட்டவர்
கொலுசுவீட்டுக்காரி, சேலம்

எல்லோருக்கும் நன்றி. கணவருக்கு வாசித்துக் காட்டினேன். பற்றவைக்கிற கையைப் பார் என்ற இடத்தில் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு எழுந்து போய்விட்டார். எதிர்க்கவில்லை.

இன்னும் தயங்குவது ஒன்றுக்காகத்தான். பெயர் சொல்லாமல் 1098க்குக் கூப்பிடலாமா? வெள்ளி கொடுப்பது நின்றால் எங்கள் அடுப்பு அணைந்துவிடும். தெருவில் டியூஷன் எடுப்பவள் நான் ஒருத்திதான். யார் சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்கக் குடுகுடுப்பைக்காரன் வர வேண்டியதில்லை.


பதில்
வெள்ளைப்புடவை, அஸ்தம்பட்டி

பெயர் சொல்லாமலும் கூப்பிடலாம். சொன்னாலும் அதை அந்த வீட்டாரிடம் சொல்ல மாட்டார்கள். ஆனால் தெரு ஊகிக்கத்தான் செய்யும், அதை மறைத்து உனக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை. அதனால் கூப்பிடும்போதே உன் நிலைமையையும் சொல்லிவிடு. வெள்ளி வேலை, தெரு, எல்லாம். பையனைப் பள்ளியில் வைத்துப் பார்க்கச் சொல். பள்ளியில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! ஆசிரியர், சத்துணவு அம்மா, பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பையன். உன் மேல் மட்டும் கை நீளாது. காதுக் கன்றல், நான்கு விரல், சூடு, மாறி மாறிச் சொன்ன கதை, ஆயாவின் நிலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாமல் முன்பே காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசி. கூப்பிட்ட நேரத்தையும் குறித்து வை. ஒரு வாரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் தெரிந்தால் மறுபடி கூப்பிடு. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் யாரென்று அங்கே கேட்டால் சொல்வார்கள்.

டியூஷனை நிறுத்திவிடாதே. எட்டு மணி வரைக்கும் அவனுக்கு அது ஓர் இடம். பாயை இன்னும் நாலு முறை சுருட்டட்டும்.


கேள்வி கேட்டவர்
கொலுசுவீட்டுக்காரி, சேலம்

கூப்பிட்டுவிட்டேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார், நடுவில் வெட்டவில்லை. பள்ளிக்கு இருவர் வந்து போனதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். பிறகு பையனின் அம்மா திருப்பூரிலிருந்து வந்து இறங்கினாள். குழுவின் முன் இரண்டு தரப்பும் போய்வந்திருக்கிறார்கள். இப்போதைக்குப் பையன் அம்மாவோடு, அவளைப் பெற்ற அம்மாயியின் வீட்டில், தாரமங்கலம் பக்கம் இருக்கிறான். டியூஷனுக்கு வருவதில்லை. சித்தப்பா எங்களிடம் பேசுவதில்லை. வெள்ளி வேறொரு வீட்டிலிருந்து வருகிறது, கூலி சற்றுக் குறைவு.

ஆயா விஷயம்தான் அப்படியே நிற்கிறது. 14567இல் பேசினார்கள், வீட்டுக்கும் வந்தார்கள். மகன் முன்னால் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். நேற்று மருமகள் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் கொல்லைப் பக்கமாக என்னைக் கூப்பிட்டார். கேஸ் எல்லாம் வேண்டாமாம், மகன் மகன்தானாம். அந்த முதியோர் உதவித்தொகை மட்டும் தன் கைக்கு வர வேண்டுமாம், ஒரு கண்ணாடி வாங்க வேண்டுமாம். அதற்கு மட்டும் ஏதாவது வழி இருக்கிறதா?


பதில்
கோர்ட்டுக்காரர், சங்ககிரி

இருக்கிறது, வழக்குத் தேவையில்லை. அவர் சுய நினைவோடு இருக்கும் பெரியவர், எது வேண்டும் எது வேண்டாம் என்பதை அவரே சொல்லட்டும். கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கு அவரையே ஆதார் அட்டையோடு அழைத்துப் போங்கள். பழைய கார்டை முடக்கச் சொல்லி ஒரு கடிதம், கணக்கில் இருக்கும் கைப்பேசி எண்ணை மாற்றச் சொல்லி ஒரு கடிதம், இரண்டிலும் அவர் கைநாட்டோ கையெழுத்தோ போதும். பாஸ்புக் மருமகளிடம் இருந்தால் புதிதாகக் கேட்கலாம். புதுக் கார்டு வாங்க வேண்டாம், பணத்தை விரல் ரேகை வைத்து எடுத்துக்கொள்ளட்டும். கைப்பேசி எண்ணாக உங்களுடையதைக் கொடுக்காதீர்கள், நாளைக்கு உங்கள் மேலேயே பேச்சு வரும். பையனின் அம்மாவின் எண் அல்லது அவர் நம்பும் வேறு உறவினரின் எண் நல்லது. உதவித்தொகை வரும் நாட்களில் கூட்டம் அதிகமாக இருக்கும், மாதத்தின் நடுவில் போங்கள். கண்ணாடிக்கு அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் பரிசோதித்துக்கொண்டு பிறகு வாங்கலாம். பழைய கண்ணாடியின் உடைந்த சட்டம் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், பவர் பார்க்க உதவும்.